ட்ரெய்லர் ஆடுது, குதிக்குது, டயரைத் தின்னுது: அறிகுறியை வச்சு ஸ்ப்ரிங்கு, ஷாக்ஸ், வீல் கோளாறைக் கண்டுபிடிக்கிறது எப்படி

புரட்டாசி விரதம் முடிஞ்சு தீபாவளியும் வந்துட்டா தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம வீடுகள்ல கேம்பிங் ட்ரெய்லரை கராஜ்லேர்ந்து வெளிய இழுக்க ஆரம்பிச்சிடுவாங்க, டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டதும் சோட்வானா, கோசி பே, கொஞ்சம் துணிஞ்சவங்க கலஹாரி வரைக்கும் கிளம்பணும்ல. அப்ப எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த சஸ்பென்ஷன் நல்லது, லீஃபா, ரப்பரா, காயிலா"ன்னுதான். எனக்கு அந்தக் கேள்வியவிட உங்க ட்ரெய்லர் இப்ப என்ன பண்ணுதுன்னு தெரியறது முக்கியம், ஏன்னா சஸ்பென்ஷனை மாத்தணும்னு காசை எடுத்துட்டு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு உண்மையான கோளாறு எடையில, டயர் காத்துல, இல்லன்னா பொருந்தாத வீல்ல இருக்கும். அதனால கீழ உள்ளதை அறிகுறி வாரியா எழுதுறேன், உங்களோடது எதுவோ அதுக்கு நேரா போங்க, ஆனா எடை பாக்குறதை மட்டும் யாரும் தாண்டாதீங்க.

எதுக்கும் முன்னாடி எடை

பிளேட்டுல போட்டிருக்கிற எடையை நம்பாதீங்க. ட்ரிப்புக்கு எப்படி ஏத்துவீங்களோ அப்படியே முழுசா ஏத்துங்க, தண்ணி டேங்க், கேஸ், ஃப்ரிட்ஜ், மேல டென்ட்டு, கரி மூட்டை எல்லாம் சேத்து, பக்கத்துல பழைய இரும்பு எடுக்கிற யார்டுல எடைமேடை இருக்கும், அங்க கொண்டு போங்க. பக்கியோட (இழுத்துட்டுப் போற பிக்கப் வண்டி) மாட்டினபடியே ட்ரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு எடை, அப்புறம் இடது சக்கரம் மட்டும், வலது சக்கரம் மட்டும். மேடையும் சுத்தி இருக்கிற தரையும் ஒரே மட்டத்துல இருந்தாதான் ஒத்தைச் சக்கர எடை சரியா வரும். ரெண்டு பக்கமும் 50 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஸ்ப்ரிங்கைப் பத்திப் பேசாதீங்க, முதல்ல பேட்டரியையும் தண்ணியையும் இடம் மாத்துங்க. 60 லிட்டர் டேங்க் ஒரு பக்கமா இருந்தா அதுவே 60 கிலோ, அது நெறையறதுக்கும் காலியாகிறதுக்கும் நடுவுல ட்ரெய்லர் வேற வண்டியா மாறிடும்.

மூக்கு எடை, அதாவது பக்கி பின்னாடி ட்ரெய்லரை மாட்டுற ஹிட்ச் பந்து மேல இறங்குற எடை, மொத்தத்துல 8லேர்ந்து 10 சதவீதம் இருக்கட்டும். வீட்டுல எடை பாக்குற மெஷின் போதும், பந்து இருக்கிற உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை மெஷின் மேல நிறுத்தி கப்ளரை (பந்தைக் கவ்வுற ட்ரெய்லர் முனை) அது மேல இறக்குங்க. பந்து மாட்டியிருக்கிற டோபார்ல எவ்வளவு தாங்கும்னு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டக்கூடாது. இங்க சட்டத்தையும் ஞாபகத்துல வச்சுக்குங்க: ஜி.வி.எம், அதாவது சாமானோட சேத்து அனுமதிச்ச மொத்த எடை, 750 கிலோ தாண்டினா ட்ரெய்லர்ல பிரேக் இருந்தாகணும், உங்க லைசென்ஸும் வெறும் பி (சாதாரண கார் லைசென்ஸ்) போதாது, ஈ.பி வேணும். ஆஃப்-ரோடு ட்ரெய்லர் முக்காவாசி இந்தக் கணக்குக்குள்ளதான் வரும்.

தார் ரோட்டுல 90 தாண்டினா பின்னாடி வாலாட்டுது

இதுக்கு ஷாக்ஸ் காரணமா இருக்கிறது அபூர்வம். மூக்கு எடை கம்மியா இருக்கும், இல்ல கனமான சாமானை எல்லாம் பின் கதவு பக்கம் அடைச்சிருப்பீங்க, ஸ்பேர் வீலும் ஜெர்ரிகேனும் பின்னாடி தொங்கும். கனத்தை அச்சுக்கு மேலயும் கொஞ்சம் முன்னாடியும் கொண்டு வாங்க. அதுக்கும் அடங்கலைன்னா டயர் காத்தைப் பாருங்க, மணல்ல குறைச்சுட்டு தார்ல ஏறினதும் நெரப்பாம விட்டா டயரோட பக்கச் சுவர் வளைஞ்சு வளைஞ்சு வண்டி நீச்சலடிக்கும். மூணாவது, ட்ரெய்லிங் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்குற ஆர்மை சேஸிஸ்ல மாட்டுற இடத்து ரப்பர். ஒரு பக்கம் ஜாக் போட்டுத் தூக்கி டயரை மேலயும் கீழயும் ரெண்டு கையால பிடிச்சு ஆட்டுங்க, அப்புறம் முன்னும் பின்னும் பிடிச்சு ஆட்டுங்க. மேல கீழ ஆடினா பெரும்பாலும் பேரிங், முன்ன பின்ன ஆடி ஆர்ம் மாட்டுற இடத்துல டக்குன்னு சத்தம் வந்தா புஷ். நேரா நிக்குதான்னு பாக்க கப்ளர் நடுவுலேர்ந்து ரெண்டு ஹப் (சக்கரம் மாட்டுற குடம்) நடுவுக்கும் டேப் போட்டு அளங்க, 5 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா வண்டி நண்டு மாதிரி சாஞ்சு போயிட்டிருக்கு.

கப்பி ரோட்டு அலையில குதிக்குது, உள்ள இருக்கிற சாமான் எல்லாம் பொடியாகுது

இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் நின்னு சொல்றேன்.

கலஹாரில ட்வீ ரிவீரன்லேர்ந்து நோசோப் கேம்ப் போற ரோடு சுமார் 160 கிலோமீட்டர், பல இடத்துல ரோடு முழுக்க அலை அலையா இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 80 சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க. 60ல போனா செகண்டுக்கு 20 தடவைக்கு மேல டயர் அடி வாங்குது. அந்த ஒவ்வொரு அடியையும் யாராவது வாங்கிச் செரிக்கணும், முதல் ஆள் டயர், ரெண்டாவது ஷாக் அப்சார்பர். ஸ்ப்ரிங்கு செரிக்காது, வாங்கி வச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடும். ஷாக்ஸ்தான் அந்த ஆட்டத்தைச் சூடா மாத்துது, அதனாலதான் சூடு இந்த விஷயத்துல நல்ல சாட்சி.

போன வருஷம் டோங்காட்ல இருக்கிற எங்க மாமா கலஹாரிலேர்ந்து ஃபோன் போட்டாங்க, "மருமவனே, புது ஷாக்ஸ் மாட்டியும் குதிக்குதுப்பா, கப்போர்டு கதவு கழண்டு விழுந்துடுச்சு."

"மாமா, காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"டயர் கடையில 3 பார் வச்சுக் குடுத்தான், அப்படியே இருக்கு."

3 பார்ல டயர் கல்லு மாதிரி இருக்கும், முதல் ஆளே வேலை செய்யலைன்னா அவ்வளவும் ரெண்டாவது ஆள் தலையில. 1.7க்கு இறக்குங்கன்னு சொன்னேன், சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டு வண்டி அடங்கிடுச்சுன்னாங்க. 1,200 கிலோ சுத்தி இருக்கிற ட்ரெய்லருக்கு நான் வைக்கிறது இப்படித்தான்: தார்ல 2.2லேர்ந்து 2.4, கப்பில 1.6லேர்ந்து 1.8 வச்சு 80க்குக் கீழ, ஆழ மணல்ல 1.0லேர்ந்து 1.2 வச்சு ஓட்டத்தை ரொம்பக் குறைச்சு. உங்க எடைக்கு இது சரியான்னு டயரே சொல்லும். காலைல குளிர்ச்சியா இருக்கும்போது அளந்துக்குங்க, ஒரு மணி நேரம் ஓட்டிட்டுத் திரும்ப அளங்க, 0.3லேர்ந்து 0.4 பார் ஏறியிருந்தா சரி, 0.6, 0.7ன்னு ஏறியிருந்தா டயர் அளவுக்கு மேல வளைஞ்சு சூடாகுது, கூட காத்து வேணும் இல்ல வேகம் குறையணும். ஏறவே இல்லைன்னா காத்து ஜாஸ்தி.

காத்து சரி பண்ணியும் குதிச்சா ஷாக்ஸைத் தொட்டுப் பாருங்க, ஆனா கையை நேரா வைக்காதீங்க சுட்டுடும், பக்கத்துல கொண்டு போனாலே சூடு தெரியும், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. அரை மணி நேரம் அலை ரோட்டுல வந்தப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி சூடா இருக்கணும். ஒண்ணு கொதிக்குது ஒண்ணு சில்லுன்னு இருக்குன்னா சில்லுன்னு இருக்கிறதுதான் செத்தது, கொதிக்கிறதைப் பாத்து அது கெட்டுப்போச்சுன்னு மாத்திட்டு வர்றவங்க இருக்காங்க. ரெண்டுமே தொட முடியாத சூடுன்னா ஷாக்ஸ் சின்னது, உள்ள ஆயில் சூடாகி இளகி, நுரைச்சு, பிடிப்பு போயிடும், அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டா திரும்ப நல்லா ஓடும், அதுதான் அடையாளம். உடம்பு பெருசா இருக்கிற, ஆயில் நெறைய பிடிக்கிற ஷாக்கா மாத்துங்க.

மாட்டின கோணத்தையும் பாருங்க. ஷாக் நிமிர்ந்து நிக்கணும். 45 டிகிரி சாச்சுப் படுக்கவச்சா சக்கரத்துக்குக் கிடைக்கிற பிடிப்பு பாதியாயிடும். ஆர்ம்ல எந்த இடத்துல மாட்டியிருக்குன்னும் பாருங்க, ஆர்ம் சுழல்ற பிவட் பக்கத்துல மாட்டினா ஷாக் கொஞ்சம்தான் நகரும், வேலை செய்யாது, ஹப் பக்கத்துல எவ்வளவு தூரம் கொண்டு போக முடியுமோ அவ்வளவு நல்லது.

வேகம் பத்தி ஒரு வார்த்தை. டயரும் ஹப்பும் ஆர்மும் சேந்த கனம் தானா ஆடுற வேகம் செகண்டுக்கு சுமார் 10லேர்ந்து 15 தடவை. 80 சென்டிமீட்டர் அலைல அது 29லேர்ந்து 43 கிலோமீட்டர் வேகத்துல வந்து நிக்கும், அங்கதான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அலை உள்ள இடத்துல அதுக்குக் கீழ போங்க, மெதுவாப் போறது யாருக்கும் கேடு இல்ல. 60, 70ல பறந்தா மேல மிதக்குற மாதிரி சுகமா இருக்கும், ஆனா டயர் தரையில நிக்கிற நேரமே கம்மி, திருப்பத்துல பிரேக் போட்டா ட்ரெய்லர் பக்கியை முந்திக்கிட்டு வரும்.

அப்ப லீஃப், ரப்பர், காயில்?

லீஃப் ஸ்ப்ரிங்கு பட்டை பட்டையா உரசுறதால கொஞ்சம் ஆட்டத்தைத் தானே அடக்கும், ஆனா சின்ன வேகமான அடிக்கு அந்த உரசலே பிடிச்சுக்கிட்டு ஸ்ப்ரிங்கு அசையாது, அடி நேரா பாடிக்குப் போயிடும். அதனால லீஃப் இருந்தாலும் ஷாக் போடுங்க. எங்க உடைஞ்சாலும் கிராமத்து வெல்டரே சரி பண்ணிடுவார், யூ-போல்ட்டும் சென்டர் போல்ட்டும் ரெண்டு ரெண்டு கைவசம் இருந்தா வீட்டுக்கு வந்துடலாம், லெசோத்தோ உள்ள போறவங்களுக்கு நான் இதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ரப்பர் டார்ஷன் ஆக்சில், சதுர பைப்புக்குள்ள ரப்பர் கம்பிகளை அடைச்சு ஆர்மை முறுக்க விடுறது. தார்ல அருமையா ஓடும், கிரீஸ் வேலை இல்ல, சத்தம் இல்ல. நீளமான அலை ரோட்டுல ரப்பரே ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஆகி உள்ளுக்குள்ளயே சூடாகும், வெளிய ஆற வழி இல்ல. வயசானா ஆர்ம் மெதுவா மேல ஏறி நிக்கும், ரெண்டு பக்கமும் ஆர்ம் கோணத்தை ஃபோன்ல லெவல் ஆப் வச்சு அளந்து வருஷா வருஷம் எழுதி வச்சுக்கிட்டா எப்ப தீரும்னு தெரிஞ்சிடும். போனா முழு ஆக்சிலும் மாத்தணும், நடுக்காட்டுல ஒண்ணும் பண்ண முடியாது. சோட்வானா வரைக்கும் போயிட்டு வர்ற குடும்பத்துக்கு இது போதும்னுதான் சொல்வேன்.

காயில்ங்கிற சுருள் ஸ்ப்ரிங்கும் தனித்தனி ட்ரெய்லிங் ஆர்மும் நல்ல ஷாக்ஸும் சேந்ததுதான் நமீபியா, போட்ஸ்வானான்னு வாரக்கணக்கா கப்பில ஓடுறவங்களுக்கு. விலை ஜாஸ்தி, புஷ்ஷைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும், வெல்டிங் சுத்தமா இருக்கணும். ஏர் பேக், அதாவது ஸ்ப்ரிங்குக்குப் பதிலா காத்தடைச்ச பை, போட்டா உயரத்தை மாத்திக்கலாம், கேம்ப்ல ட்ரெய்லரை லெவல் பண்ண ரொம்ப வசதி, ஆனா ஒரு ஸ்பேர் பேக்கும் பைப்பும் கையில இல்லாம கிளம்பாதீங்க.

பள்ளத்துல இறங்கினா டமார்னு இரும்புச் சத்தம்

ஆர்ம் மேல ஏறி முட்டுற இடத்துல இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்க, பளபளன்னு தேஞ்சு நடுவுல குழி விழுந்திருந்தா அடிக்கடி முட்டுது. ஸ்ப்ரிங்கு மெலிசா இல்ல இடைவெளி கம்மியான்னு கண்டுபிடிக்க, முழு எடையோட நிக்கும்போது ஹப் நடுவுலேர்ந்து மட்கார்டு வரை அளங்க, ஜாக் போட்டு சக்கரத்தைத் தொங்கவிட்டு அளங்க. அப்புறம் பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு மிச்சம்னு அளங்க, இது ஆர்ம்ல ஸ்டாப் இருக்கிற இடத்து இடைவெளி, ஹப்ல அதைவிடக் கூட நகரும், அதைக் கணக்குல சேத்துக்குங்க. சக்கரம் மேலயும் கீழயும் நகர்ற மொத்த தூரத்துல மூணுல ஒரு பங்கு கீழ தொங்கவும் மூணுல ரெண்டு பங்கு மேல ஏறவும் இருக்கணும். மொத்தம் 200 மில்லிமீட்டர்னா நின்ன நிலையில மேல 130 மிச்சம் வேணும். 70, 80தான் இருக்குன்னா ஸ்ப்ரிங்கு உக்காந்திருக்கு.

புது ஸ்ப்ரிங்கு எவ்வளவு கெட்டியா வேணும்னு கடைக்காரர்கிட்ட விட்டுடாதீங்க, கணக்கு சின்னதுதான். உதாரணத்துக்கு ட்ரெய்லர் மொத்தம் 1,300 கிலோ, மூக்குல 110 போனா சக்கரத்துல 1,190. டயர், ரிம், ஹப், ஆர்ம் கனம் ரெண்டு பக்கமும் சேத்து 140 கழிச்சா ஸ்ப்ரிங்கு சுமக்கிறது 1,050, ஒரு பக்கத்துக்கு 525. சக்கரம் 100 மில்லிமீட்டர் அமுங்கி நிக்கணும்னு ஆசைப்பட்டா சக்கரத்துல மில்லிமீட்டருக்கு 5.25 கிலோ. ஆனா ஸ்ப்ரிங்கு சக்கரத்துல இல்ல, ஆர்ம் நடுவுல இருக்கு. பிவட்லேர்ந்து ஹப் 500, பிவட்லேர்ந்து ஸ்ப்ரிங்கு 300னா ஸ்ப்ரிங்கு மேல விழற பாரம் 525ஐ 0.6ஆல வகுத்து 875 கிலோ, அமுங்குறது 60 மில்லிமீட்டர், அப்ப ஸ்ப்ரிங்குக்கு மில்லிமீட்டருக்கு 14.6 கிலோ வேணும். ஆர்மைக் கணக்குல சேக்காம 5.25ன்னு ஆர்டர் குடுத்தா மொத தடவை ஏத்தினதுமே ஸ்டாப்ல போய் உக்காந்துடும். எதிர்ப்பக்கமும் இருக்கு, பயந்துபோய் ரெண்டு மடங்கு கெட்டியா போட்டா 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும், பாடி ஆடுற வேகம் செகண்டுக்கு 1.6லேர்ந்து 2.2 தடவைக்கு ஏறும், முட்டை உடையறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் பள்ளத்துல இறங்கும்போது இல்லாம மேட்டைத் தாண்டி சக்கரம் தொங்கும்போது வந்தா, ஷாக்கே நிறுத்தக் கயிறா வேலை செய்யுது, மேல் கண்ணு பிச்சுக்கிட்டு வரும். சக்கரம் தொங்குறதைப் பிடிக்க பட்டை போடுங்க, ஷாக் முழுசா நீள்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அது இறுகணும்.

ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது

எடை ரெண்டு பக்கமும் சமம்னா ரெண்டு ஸ்ப்ரிங்கையும் இடம் மாத்திப் போடுங்க. சாய்வு கூடவே மாறிப் போச்சுன்னா ஸ்ப்ரிங்கு, ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. மாறலைன்னா ஆர்ம் வளைஞ்சிருக்கு இல்ல சேஸிஸ்ல வெல்டிங் விட்டிருக்கு, மண்ணைக் கழுவிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, விரிசல் இருந்தா பெயின்ட் மேல மெலிசா துருக் கோடு ஓடும்.

டயர் ஒரே பக்கமா தேயுது

ரெண்டு டயரும் உள்பக்கம் தேஞ்சா அச்சு எடை தாங்காம வளைஞ்சிருக்கு, இல்ல புஷ் உக்காந்து சக்கரம் தலை உள்ள சாஞ்சிருக்கு. கையால தடவும்போது ஒரு திசையில வழவழ, எதிர்த்திசையில ரம்பம் மாதிரி கீறினா டோ சரியில்ல, அதாவது சக்கரம் நேரா முன்னாடி பாக்கலை. வட்டமா குழி குழியா இருந்தா ஷாக் செத்துப்போச்சு, இல்ல வீல் பேலன்ஸ் இல்ல. நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் தேஞ்சா கம்மி.

தேயவே இல்லைன்னாலும் நிம்மதி வேண்டாம். ட்ரெய்லர் டயர் வருஷத்துல முக்காவாசி நாள் வெயில்லயே நிக்கும், தரையில படுற பூ அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. செரஸ்லேர்ந்து கால்வீனியா போற ஆர்-355ல சுமார் 250 கிலோமீட்டர் நடுவுல ஒரு ஊரும் கிடையாது, கூரான கல்லு, அங்க பழைய டயரோட போறவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. ஏழு வருஷம் தாண்டினதைக் கப்பி ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

வீல் நட் இளகுது, அதிருது, ஸ்டட் உடையுது

இது ஆளைக் கொல்ற கோளாறு. வீல் மேட்ச் பண்றேன்னு பக்கியோட ரிம்மையே ட்ரெய்லர்லயும் மாட்டுறது நல்ல யோசனை, ஸ்பேர் ரெண்டுக்கும் பொதுவாகும். ஆனா துளை பொருந்துச்சுன்னா எல்லாம் பொருந்துச்சுன்னு நெனச்சுடறாங்க.

ஹ்லுஹ்லுவே பக்கத்துல ஒரு பெட்ரோல் பங்க்குல ஒரு தம்பியோட ட்ரெய்லரைப் பாத்தேன். ஆறு ஸ்டட்ல (நட்டு ஏறுற கம்பி) ரெண்டு இல்ல, வெட்டின மாதிரி ஹப் மட்டத்துல முறிஞ்சு கெடந்துச்சு. மிச்ச நாலு நட்டைச் சுத்தியும் கருப்பாவும் செம்பாவும் பொடி, சக்கரம் சுத்துற வேகத்துல வெளிப்பக்கமா கோடு கோடா தெறிச்சிருந்துச்சு. ரிம்மைக் கழட்டினா வட்டமா இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துல நீண்டிருந்துச்சு. "அண்ணே, நேத்துதான் இறுக்கினேன்"னார். இறுக்கினது உண்மைதான், நட்டு உக்காரவேண்டிய இடத்துல உக்காரலை, அலாய் ரிம்முக்கு உண்டான தட்டை வாஷர் நட்டை, கூம்புக் குழி உள்ள ஸ்டீல் ரிம்ல போட்டிருந்தார். ஹைலக்ஸ் காரங்க இதைக் கவனமாப் பாருங்க, கம்பெனி அலாய்க்கு வாஷரோட வர்ற நட்டு, ஸ்டீலுக்குக் கூம்பு நட்டு. ஸ்பேர் ஸ்டீலா இருந்தா அதுக்கு ஒரு செட் கூம்பு நட்டைப் பையில போட்டு வைங்க.

பாக்கவேண்டியதை வரிசையா சொல்றேன். முதல்ல பி.சி.டி., அதாவது ஸ்டட் துளைகள் நிக்கிற வட்டத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாம் 6 துளை 139.7. லேண்ட் க்ரூஸர் 79 5 துளை 150. டி-40 நவாரா 6 துளைதான் ஆனா 114.3. பழைய அமரோக் 5 துளை 120. ஜிம்னி 5 துளை 139.7. ட்ரெய்லர் ஹப்பை பக்கிக்கு ஏத்த மாதிரி ஆர்டர் பண்ணலாம், அடாப்டர் தட்டு வச்சு ஒப்பேத்த வேண்டாம், கப்பி அலைல அது இன்னொரு இளகுற இடம்.

அப்புறம் நடுத்துளை. ஹைலக்ஸ்ல 106.1, ரேஞ்சர்ல 93.1. ஹைலக்ஸ் அளவு கழுத்து உள்ள ஹப்ல ரேஞ்சர் ரிம் ஏறவே ஏறாது, ரேஞ்சர் அளவு ஹப்ல ஹைலக்ஸ் ரிம் ஏறும், ஆனா 13 மில்லிமீட்டர் சும்மா இருக்கும், நட்டு மட்டுமே நடுவுல பிடிக்கணும். அதுக்கு உலோக வளையம் போடுங்க, இல்லன்னா கூம்பு நட்டோட சக்கரத்தைத் தரையில படாம தூக்கிவச்சு எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ட்ரெய்லர் ஹப்போட கிரீஸ் மூடி நடுத்துளை வழியா வெளிய வருதான்னும் பாருங்க.

மூணாவது, ரிம்மும் ஹப்பும் தொடுற முகத்துல பெயின்ட். புதுசா பவுடர் கோட்டிங் பண்ணின ரிம்ல அந்தப் பூச்சு அழுத்தத்துல நசுங்கி மெலிசாகும், அவ்வளவுதான், நட்டு தானா இளகிடும். முகத்தையும் நட்டு உக்கார்ற குழியையும் இரும்பு தெரியுற வரை சுரண்டுங்க. டார்க் ரென்ச் (இவ்வளவு பலம்னு அளவு வச்சு இறுக்குற ஸ்பேனர்) வாங்கி வச்சுக்குங்க, 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு சுமார் 110 நியூட்டன் மீட்டர், ஸ்டட் மரைக்கு கிரீஸ் தடவாதீங்க, 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை, கப்பி ரோடு முடிஞ்சதும் ஒரு தடவை திரும்பப் பாருங்க.

சுமைத் திறனையும் விடக்கூடாது. ரிம் பின்பக்கம் கிலோ போட்டிருக்கும், டயர்ல சுமை நம்பர் 104ன்னா 900 கிலோ, 112ன்னா 1,120. ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ வர்ற ட்ரெய்லருக்கு ரெண்டும் தாராளம், ஆனா காருக்கு உண்டான மெல்லிசு பக்கச் சுவர் டயரை இந்தக் கணக்கை வச்சு மாட்டிடாதீங்க, கல்லு கிழிச்சுடும். ஸ்டீலா அலாயாங்கிறதுல நான் ஸ்டீல் பக்கம். வளைஞ்சா சுத்தியலால தட்டிக் காத்து நிக்க வச்சுடலாம், அலாய் வெடிச்சா முடிஞ்சுது.

மணல்ல பின்னாடி பிடிச்சு இழுக்குது

கோசி பே மணல்ல பக்கி ஒரு தடம் போட்டுட்டுப் போகும், ட்ரெய்லர் அதே தடத்துல வந்தா லேசா வரும், உள்ள தள்ளியோ வெளிய தள்ளியோ வந்தா புது மணலை உழுதுக்கிட்டு வரும். பக்கியோட டயர் நடுவுலேர்ந்து டயர் நடுவு வரை அளங்க, ஹைலக்ஸ்ல சுமார் 1,540 இருக்கும். ட்ரெய்லர்ல அது ஹப் முகத்துக்கு முகம் இருக்கிற தூரத்துலேர்ந்து ரிம்மோட ஈ.டி.யை (ரிம் நடுக்கோட்டுக்கும் அது ஹப்ல உக்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம்) ரெண்டு மடங்கு கழிச்சது. ஹப் முகம் 1,600, ரிம் ஈ.டி. 30னா 1,540, கச்சிதம். அதே ஹப்ல ஈ.டி. 55 உள்ள ரேஞ்சர் ரிம்மைப் போட்டா 1,490 ஆயிடும், ஒரு பக்கத்துக்கு 25 உள்ள போகும், டயர் ஆர்மை உரசலாம். டயருக்கும் ஆர்முக்கும் நடுவுல ஒரு 25, 30 மில்லிமீட்டர் இடம் விட்டே ஆகணும், சேறு அடைச்சா அதுவும் பத்தாது. அதனால ஆக்சில் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ரிம்மை முடிவு பண்ணுங்க, ஆக்சில் வந்தப்புறம் ரிம் தேடினா இந்தக் கணக்கு எப்பவுமே இடிக்கும்.

டயரோட விட்டமும் ஒண்ணா இருக்கணும். 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18, 245/75 ஆர் 16 மூணும் 774லேர்ந்து 776 மில்லிமீட்டருக்குள்ள வந்துடும், ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்பேரா ஓடும். 235/75 ஆர் 15 சுமார் 733தான், அதை பக்கியில அவசரத்துக்கு மாட்டி ஃபோர் வீல் டிரைவ்ல போட்டா டிஃப் (சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்குற கியர்) கெடும். 16 இஞ்ச் ரிம் சில பக்கிகள்ல முன் பிரேக் கேலிப்பர்ல முட்டும், வீட்டு வாசல்லயே ட்ரெய்லர் ஸ்பேரை பக்கியோட முன்பக்கம் ஒரு தடவை மாட்டிச் சுத்திப் பாத்துடுங்க.

ஹப் சூடாகுது

நிக்கும்போதெல்லாம் ஹப் பக்கத்துல கையைக் கொண்டு போற பழக்கம் வேணும். ரெண்டும் சூடுன்னா ஓவர்ரன் பிரேக் (ட்ரெய்லர் முன்னாடி தள்றப்ப கப்ளர் அமுங்கித் தானா பிடிக்கிறது) விடாம பிடிச்சிருக்கு, மலை இறக்கத்துல ட்ராகன்ஸ்பெர்க் பக்கம் இது சகஜம், கப்ளர் தண்டு துருப்பிடிச்சு உள்ளயே நின்னுடுச்சான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் சூடுன்னா தூக்கிச் சுத்துங்க, உரசுற சத்தம்னா பிரேக் ஷூ, கரகரன்னு வந்தா பேரிங். ஹப் சூடா இருக்கும்போது ஆத்துல இறக்கினா உள்ள காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை உறிஞ்சிடும், கிரீஸ் பால் மாதிரி வெள்ளையாகும். இறங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஆறவிடுங்க, ஆத்தைத் தாண்டின ட்ரிப் முடிஞ்சதும் ஹப்பைத் திறந்து பாருங்க. ஸ்பேரா வெறும் பேரிங் எடுத்துட்டுப் போகாதீங்க, கிரீஸ் அடைச்சு ரேஸ் (பேரிங்கோட வெளி வளையம்) ஏத்தி ஸ்டட்டோட ஒரு முழு ஹப், கூட ஒரு புது சீல், ஸ்ப்ளிட் பின், அந்தப் பெரிய நட்டுக்கு ஏத்த ஸ்பேனர், எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில சுத்தி ஒரே டப்பாவுல போட்டு மூடி மேல பேரிங் நம்பரை மார்க்கர்ல எழுதி வைங்க.